நைனா முகம்மது தொடாத முட்டைகள்

முதல் முட்டை வெடித்தபோது தெருமுனை டிரான்ஸ்ஃபார்மர்தான் போய்விட்டது என்று நினைத்தோம். என் வீட்டுக்காரர் பெர்னார்ட் பட்டப்பகலில் டார்ச்லைட்டை எடுத்துக்கொண்டு வாசலுக்கு ஓடினார். இரண்டாவது வெடித்ததும் வாடை வந்தது. அதற்குப் பிறகு யாருக்கும் எந்தச் சந்தேகமும் இல்லை.

வாடை வந்தது மூலை வீட்டிலிருந்து. மூவாரில் எங்கள் தாமான் குடியிருப்பில் கார் நிறுத்தவே ஆளாளுக்கு அடித்துக்கொள்ளும்போது, வரிசையின் கடைசி வீட்டுக்கு மட்டும் பக்கவாட்டில் ஒரு துண்டு நிலம் உண்டு. அங்கே மஜீதா ஐந்து வாத்துகள் வளர்க்கிறாள். எனக்கும் அவளுக்கும் நடுவில் ஒரு சுவர். நல்ல உயரமான சுவர்தான். ஆனால் என் பக்கத்தில் கவிழ்த்துப் போட்ட பூந்தொட்டி ஒன்று பல வருடமாக அங்கேயே கிடக்கிறது. அதன் மேல் நின்றால்தான் என் செம்பருத்திக்குச் சரியாகத் தண்ணீர் ஊற்ற வரும்.

மஜீதாவின் கணவர் நைனா முகம்மது, பேருந்து நிலையத்துக்குப் பக்கத்தில் முப்பது வருடத்துக்கு மேல் சாப்பாட்டுக்கடை நடத்தியவர். முட்டிவலி என்று போன வருடம் கடையை மூத்த மகன் சாஜித்திடம் ஒப்படைத்தார். ஒப்படைத்த மறுநாளும் கடைக்குப் போனார். அதற்கு மறுநாளும் போனார். கல்லாவுக்குப் பக்கத்தில் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்து, தேத்தண்ணீர் ஆற்றுகிற பையனின் கையையே பார்த்துப் பெருமூச்சு விட்டுக்கொண்டிருந்தார். அவன் பதறிப்போய் இரண்டு தடவை தேத்தண்ணீரைத் தன் மேலேயே ஊற்றிக்கொண்டான். கடைசியில் சாஜித், பெற்ற தகப்பனிடம் எவ்வளவு மரியாதையாகச் சொல்ல முடியுமோ அவ்வளவு மரியாதையாக, வாப்பா வீட்டிலேயே ரெஸ்ட் எடுங்க என்று சொல்லிவிட்டான்.

வீட்டில் ரெஸ்ட் எடுத்த லட்சணத்தை நான் சொல்கிறேன். மஜீதாவின் மசாலா டப்பாக்களை உயரவாரியாக அடுக்கினார். அவள் கறி தாளிக்கும்போது பின்னால் நின்று தீயைக் குறைத்தார். சாப்பிட்டு எழுந்தால் உடனே மேசையைத் துடைத்துவிடுவார். அந்தப் பக்கம் மஜீதா இன்னும் சாப்பிட்டுக்கொண்டிருப்பாள். ஒருநாள் அவள் தட்டையும் எடுத்துக்கொண்டு போய்விட்டாராம். அடுத்த வாடிக்கையாளர் வந்து நிற்கிறாரா என்று கேட்டாளாம் அவள். அந்த மனிதருக்கு வேண்டியதெல்லாம் தன் வீட்டில் தன் கைக்கு ஒரு வேலை. அவர் கையை எங்கே வைத்தாலும் அங்கே ஏற்கெனவே மஜீதாவின் கை இருந்தது.

அந்த நேரத்தில்தான் மகள் ருமானாவுக்கு உடம்புக்கு முடியாமல் போனது. ருமானா ஜொகூர் பாருவில் இருந்துகொண்டு தினமும் பாலம் தாண்டி சிங்கப்பூருக்கு வேலைக்குப் போகிறவள். முதல் பிள்ளை உண்டாகியிருந்தாள். தண்ணீர் குடித்தாலும் வாந்தி. தொண்டைக்குக் கீழே நிற்பது ஒன்றே ஒன்றுதான்: வெறுங்கஞ்சியும், தொட்டுக்கொள்ள உம்மா உப்பில் போட்ட வாத்து முட்டையும். கடையில் விற்கிற உப்பு முட்டையை வாங்கிக் கொடுத்தால் வாடையிலேயே கண்டுபிடித்துவிடுகிறாள். அதனால் மஜீதா ஒரு தட்டு நிறைய முட்டையைச் சேர்த்து வைத்திருந்தாள். உப்பில் போடவிருந்த அன்றைக்குத்தான் மகள் மயங்கி விழுந்துவிட்டாள் என்று மருமகனிடமிருந்து போன் வந்தது. போட்டது போட்டபடி கிளம்பினாள். போகும்போது கணவரிடம் ஒரே ஒரு வேலை சொன்னாள். வாத்துக்குத் தீனி போடுங்க.

ஒரு வேலை சொன்னால் இரண்டு வேலை செய்கிறவர் நைனா முகம்மது. தீனி போட்டார். பிறகு பின்கட்டு அலமாரியில் இருந்த முட்டைத் தட்டைப் பார்த்தார். வாத்து முட்டை எப்படி இருக்கும் என்று பார்த்தவர்களுக்குத் தெரியும். வாத்து சேற்றில் குளித்துவிட்டு அதே காலோடு வந்து முட்டையிடும். ஓடு முழுக்க மண், இறகு, எச்சம். முப்பது வருடம் சுகாதார அதிகாரிகளிடம் நல்ல பெயர் வாங்கிய மனிதருக்கு அது பொறுக்குமா? பெரிய பேசினில் தண்ணீர் பிடித்தார். எலுமிச்சை வாசனை வருகிற பாத்திரம் கழுவும் சோப்பைத் தாராளமாக ஊற்றினார். எல்லா முட்டைகளையும் மொத்தமாக உள்ளே போட்டு ஊறவைத்து, தேய் தேய் என்று தேய்த்தார். துடைத்து அடுக்கியபோது முட்டைகள் லேசான நீலப் பச்சையில் பளபளவென்று பீங்கான் மாதிரி இருந்தன. அதைப் போட்டோ எடுத்துக் குடும்ப வாட்சப்பில் போட்டார். சாஜித் கட்டைவிரலைக் காட்டினான். மஜீதா ஆஸ்பத்திரியில் மகளுக்கு டிரிப்ஸ் ஏறுவதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். போட்டோவைப் பார்க்கவில்லை.

முட்டைகள் சமையலறையில், வெயில் படுகிற சன்னலுக்குப் பக்கத்தில், எல்லோரும் பார்க்கும்படி இரண்டு வாரம் போல உட்கார்ந்திருந்தன. மஜீதா வீட்டுக்குத் திரும்பிய அன்று, அவள் கைப்பையைக் கீழே வைப்பதற்குள் முதல் முட்டை வரவேற்பு கொடுத்தது.

அவள் கத்துவாள் என்று எதிர்பார்த்துத் துணி எடுக்க வெளியே போனேன். கொடியில் துணி இல்லை, அது வேறு விஷயம். மஜீதா கத்தவில்லை. சன்னல்களைத் திறந்தாள். தட்டை அப்படியே கறுப்புப் பையில் கட்டினாள். சுவரைக் கழுவினாள், உட்கூரையைக் கழுவினாள், மீனுக்குப் போடுகிற மஞ்சளைக் கரைத்துத் தரையைத் துடைத்தாள். அதற்குப் பிறகு பின்வாசல் படியில் உட்கார்ந்து, வகுப்பு எடுப்பது போல நிதானமாகப் பேசினாள்.

முட்டை ஓட்டின் மேல் கண்ணுக்குத் தெரியாத பூச்சு ஒன்று இருக்கிறது, படைத்தவன் போட்ட பூட்டு அது. கழுவினால் பூட்டு போய்விடும். அதனால் வைத்திருக்கப் போகிற முட்டையைக் கழுவக் கூடாது. காய்ந்த தேங்காய் நாரால் மேலாகத் தட்டிவிட்டு, கூர்முனை கீழே இருக்கும்படி நிழலில் வைக்க வேண்டும். உடைக்கும்போதோ உப்பில் போடும்போதோதான் தண்ணீர் காட்ட வேண்டும். அதுவும் பச்சைத் தண்ணீர் இல்லை, வெதுவெதுப்பான தண்ணீர். பச்சைத் தண்ணீர் பட்டால் முட்டை அழுக்கை உள்ளே இழுத்துக்கொள்ளும். இது ஒன்று. இன்னொன்று, மார்க்கப்படி எச்சம் நஜீஸ். எச்சம் பட்ட ஒரு முட்டையைப் பேசினில் போட்டால் பேசின் தண்ணீர் முழுக்க அசுத்தம், அதில் கிடந்த நல்ல முட்டைகளும் அசுத்தம். ஓடுகிற தண்ணீரில் ஒவ்வொன்றாகத்தான் காட்ட வேண்டும். ஓதிப் படித்த மனிதருக்கு இதுகூடவா தெரியாது?

நைனா முகம்மது கைலியின் ஓரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். கடையில் முட்டை தட்டுத் தட்டாகச் சுத்தமாகவே வந்து இறங்கும் என்று மட்டும் முனகினார்.

"சாஜித் வாப்பா, நல்லா கேட்டுக்குங்க. உங்க மக அங்க வெறும் வயித்தோட கெடக்கறா. அவளுக்குன்னு சேத்து வச்சத நீங்க சோப்பு போட்டுக் குளிப்பாட்டி வெடி வுட்டுட்டீங்க. இனிமே என் முட்டையத் தொடாதீங்க. தொட்டீங்கன்னா நான் ருமானா வீட்டுக்கே போயிடறேன், நீங்க இங்க மேசையத் தொடச்சிக்கிட்டு இருங்க."

கடையில் இடமில்லை, அடுப்படியில் இடமில்லை, இப்போது முட்டையும் இல்லை. மனிதர் அன்று சாயங்காலம் எங்கள் வாசலுக்கு வந்து, கேட்டைப் பிடித்துக்கொண்டு பெர்னார்டிடம் புலம்பினார். நான் உள்ளே வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தேன். வெங்காயம் உரிக்கக் கூடமும் நல்ல இடம்தான், சன்னல் பக்கம்.

"அவங்க என்ன பாய் சொன்னாங்க? முட்டையத் தொடக்கூடாதுன்னுதானே? வாத்தத் தொடக்கூடாதுன்னு சொல்லலையே லா" என்றார் பெர்னார்ட்.

கல்யாணமான நாளிலிருந்து என் வீட்டுக்காரர் சொன்ன உருப்படியான யோசனை இது ஒன்றுதான். அதையும் வேடிக்கைக்காகத்தான் சொன்னார். நைனா முகம்மது சிரிக்கவில்லை. கேட்டை விட்டுக் கையை எடுத்தார். போய்விட்டார்.

மறுநாளே ஆரம்பமாகிவிட்டது. எங்கள் ஊரில் மரச்சாமான் பட்டறைகளுக்குப் பஞ்சமில்லை. அதில் ஒரு பட்டறையின் முதலாளி, தவுக்கே ஆ கியாட், இவர் கடையில் இருபது வருடமாகக் காலைக் காப்பி குடித்தவர். அவரிடம் போய் இழைப்புச் சீவல் கேட்டார். அவர் ஒரு மூட்டையைக் காலால் தள்ளிவிட்டாராம். இவர் மூட்டைக்குள் கையை விட்டு, மோந்து பார்த்து, இது வேண்டாம் என்றாராம். பெயிண்ட் படாதது, மருந்து போடாதது, சுத்தமான ரப்பர் மரத்துச் சீவலாக வேண்டும் என்று நின்றாராம். உனக்கு மேசை செய்யவா என்று தவுக்கே கேட்க, என் வாத்துக்கு மெத்தை போட என்றாராம். பட்டறையே சிரித்ததாகக் கேள்வி.

வாத்துக் கூட்டில் இருந்த பழைய ஈர வைக்கோலையெல்லாம் வாரி வெளியே போட்டார். முட்டையிடும் மூலையில் வெள்ளைச் சீவலை முழங்கை ஆழத்துக்குக் கொட்டினார். வாத்து குளிக்கிற தொட்டி கூட்டின் வாசலிலேயே இருந்தது. அதை நிலத்தின் அந்தக் கோடிக்கு உருட்டிக்கொண்டு போனார். அதோடு விடவில்லை. சாஜித் கடையின் பின்பக்கத்தில் சும்மா கிடந்த, பாத்திரம் கழுவுகிற இடத்தில் போடும் ஓட்டை ஓட்டையான ரப்பர் விரிப்புகளைக் கொண்டுவந்து தொட்டிக்கும் கூட்டுக்கும் நடுவில் வரிசையாக விரித்தார். வாத்துகள் தங்கள் வாழ்நாளில் முதல் முறையாகக் கால் துடைத்துக்கொண்டு வீட்டுக்குள் போயின.

இதில் ஒரு சட்டம் வைத்திருந்தார் மனிதர். விடியற்காலையில் பள்ளிவாசலில் தொழுதுவிட்டு வந்ததும் கூட்டைத் திறந்து விடுவார். உள்ளே முட்டைகள் கிடக்கும். அவற்றைச் சுற்றியிருக்கும் அழுக்குச் சீவலை ஒரு கரண்டியால் எடுப்பார். முட்டை இருக்கிற இடத்தில் மட்டும் கையை நிறுத்திவிடுவார். ஒருநாள் ஒரு முட்டை உருண்டு அவர் கால் பக்கம் வந்தது. பாம்பைக் கண்டவர் போலப் பின்னால் துள்ளினார். நான் செம்பருத்திக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்ததால் என் கண்ணில் பட்டது.

மஜீதா தேங்காய் நாரோடு வந்து முட்டை பொறுக்குவாள். பொறுக்கிய முட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்ப்பாள். நாருக்கு வேலையே இல்லை. ஒரு வாரத்தில் நாரைக் கொண்டுவருவதையே விட்டுவிட்டாள். ஆனால் வாயைத் திறந்து ஒரு வார்த்தை சொல்ல வேண்டுமே. நானாகத்தான் ஆரம்பித்தேன்.

"முட்டையெல்லாம் பளிச்சுன்னு இருக்கே மஜீதா."

"மழை கம்மிக்கா."

முந்தின நாள்தான் எங்கள் கால்வாய் நிரம்பி வழிந்திருந்தது.

முட்டை சுத்தமானது சரி, எண்ணிக்கை கூடவில்லை. ஐந்து வாத்தில் நாலுதான் இட்டது. ருமானாவுக்கோ முன்பு கொடுத்தனுப்பிய உப்பு முட்டை தீர்ந்துகொண்டிருந்தது. மஜீதாவின் கண் ஐந்தாவது வாத்தின் மேல் விழுந்தது. தலையில் இறகு உதிர்ந்து வழுக்கையாக இருப்பதால் அதற்குச் சொட்டைத்தலை என்று பெயர். வயசாகிவிட்டது, இனி இடாது, ஞாயிற்றுக்கிழமை சாஜித் வந்தால் பிடித்துக் கொடுத்துவிட வேண்டியதுதான் என்று முடிவு கட்டினாள்.

நைனா முகம்மதுவுக்கு மனசு கேட்கவில்லை. வழுக்கை என்பதாலோ, வயசாகிவிட்டது என்பதாலோ, வேலைக்கு ஆகாது என்று யாரையாவது சொன்னால் அவருக்கு இப்போதெல்லாம் நெஞ்சில் சுருக்கென்கிறது போலும். தவிர, கடையில் எந்தப் பையன் எந்த நேரத்தில் பின்பக்கமாக நழுவுவான் என்று பார்த்துப் பழகிய கண். சொட்டைத்தலை காலையில் மற்ற வாத்துகளோடு தொட்டிக்குப் போகாமல் ஓரமாக ஒதுங்குவதை அவர் கவனித்துவிட்டார். வெள்ளிக்கிழமை காலை, பள்ளிவாசலிலிருந்து வந்த வெள்ளைத் தொப்பியைக்கூடக் கழற்றாமல், ஈர்க்கு விளக்குமாற்றைக் கையில் பிடித்துக்கொண்டு, வேவு பார்ப்பவர் போல அதன் பின்னால் போனார்.

வாத்து நேராகப் பின்வேலிக்குப் போனது. வேலிக்கு அந்தப் பக்கம் பெரிய கால்வாய். இந்தப் பக்கம் மஜீதாவின் செரைப் புதர், எலுமிச்சம்புல் என்று ஊரில் சொல்வது. ஆள் உயரத்துக்கு வளர்ந்து கிடந்தது. சொட்டைத்தலை அதற்குள் புகுந்தது. கொஞ்ச நேரம் கழித்து மெதுவாக வெளியே வந்து, ஒன்றும் தெரியாதது போலத் தொட்டியைப் பார்த்து நடந்தது. நைனா முகம்மது விளக்குமாற்றால் புதரை விலக்கினார். நானும் பூந்தொட்டியின் மேல் நுனிக்காலில் நின்றேன். உள்ளே குழி பறித்து, தன் இறகையே மெத்தையாகப் போட்டு, குவியலாக முட்டை. பத்துக்குக் குறையாது.

அப்போதுதான் வேலியின் கீழே சரசரவென்றது. கால்வாயிலிருந்து உடும்பு ஏறி வந்தது. எங்கள் பிள்ளைகளுக்குப் பியாவாக் என்றால்தான் புரியும். பெர்னார்டின் கால் தடிமன் இருக்கும். நாக்கை நீட்டி நீட்டி உள்ளே இழுத்துக்கொண்டு, முட்டை எங்கே என்று தனக்குத் தெரியும் என்கிற தோரணையில் நேராக வந்தது.

இங்கே ஒன்று சொல்லியாக வேண்டும். நைனா முகம்மது சுவரில் பல்லியைக் கண்டாலே மஜீதாவைக் கூப்பிடுகிற ஆள். பியாவாக்கைப் பார்த்ததும் சுவர் ஏறி என் பக்கம் குதித்துவிடுவார் என்றே நினைத்து, நான் பூந்தொட்டியில் கொஞ்சம் ஒதுங்கி இடம்கூட விட்டேன். குதிக்கவில்லை. முகம் வெளிறிவிட்டது. ஆனாலும் புதருக்கும் உடும்புக்கும் நடுவில் நின்றுகொண்டு விளக்குமாற்றால் தரையை அடித்தார். அது ஒரு அடி பின்வாங்கும், சுற்றிக்கொண்டு மறுபக்கம் வரும். இவரும் சுற்றுவார். குனிந்து முட்டையை அள்ளிக்கொண்டு நகர்ந்திருந்தால் ஒரே நொடியில் தீர்ந்திருக்கும். கையும் குனிகிறது, முட்டைக்கு ஒரு சாண் மேலே வந்து நின்றுவிடுகிறது.

"மஜீதா, கொஞ்சம் வெளிய வா" என்றார்.

அடுப்பில் வேலையாக இருக்கிறேன் என்று உள்ளேயிருந்து பதில் வந்தது.

"சொட்டைத்தலை செரைக்குள்ள முட்டை விட்டு வச்சிருக்கு. பியாவாக் வந்து நிக்குது. நான் தொடலாமா?"

அடுப்பு அணைகிற சத்தம் கேட்டது. மஜீதா கரண்டியோடு வாசலுக்கு வந்தாள்.

"என்ன தொடலாமா?"

"முட்டையத்தான். நீதானே தொடக்கூடாதுன்ன."

இந்தப் பேச்சுவார்த்தை நடந்த நேரத்தில் உடும்பு சும்மா இருக்கவில்லை. அவர் மனைவி பக்கம் திரும்பிய அந்த நொடியில் தலையை உள்ளே விட்டு ஒரு முட்டையைக் கவ்விவிட்டது. கவ்விய முட்டையோடு ஒரு முறை எங்கள் மூன்று பேரையும் பார்த்தது.

"அலமாக்" என்றாள் மஜீதா. "அது என்னைக் கேட்டுட்டா எடுத்துச்சு? எடுங்களேன் சீக்கிரம்."

அவ்வளவுதான். நைனா முகம்மது விளக்குமாற்றை வீசிவிட்டு இரண்டு கையையும் ஊன்றி முட்டைக்குழியின் மேல் அப்படியே குப்புறக் கவிழ்ந்து மறைத்துக்கொண்டார். மஜீதா வழியில் இருந்த வாத்துத் தொட்டியைக் கரண்டியால் தட்டிவிட்டு ஓடிவர, உடும்பு கிடைத்தது போதுமென்று வேலிக்கு அடியில் போய்விட்டது. முட்டைகளை அள்ள ஒன்றுமில்லையே என்று அவர் கை பழக்கத்தில் தலைத் தொப்பிக்குப் போனது. தொழுத தொப்பியில் எச்சம் பட்ட முட்டையா என்று உடனே இறங்கியும் விட்டது. கடைசியில் கூட்டருகே கிடந்த சீவல் வாளியைக் கொண்டுவந்து அதில்தான் ஒவ்வொன்றாக எடுத்து வைத்தார். கூர்முனை கீழே. படியில் உட்கார்ந்து கேட்ட பாடத்தில் ஒரு வரியைக்கூட மறக்கவில்லை மனிதர். மஜீதா அதைப் பார்த்ததை நானும் பார்த்தேன்.

முட்டைகள் எத்தனை நாளானவை என்று சொட்டைத்தலைக்குத்தான் தெரியும். அதனால் மஜீதா போன் வெளிச்சத்தில் ஒவ்வொன்றையும் தூக்கிப் பார்த்தாள். உள்ளே காற்றறை பெரிதாகிப் போனவற்றையும் ரத்தப் பொட்டு தெரிந்தவற்றையும் தள்ளி வைத்தாள். முக்கால்வாசி தேறின. நாலு வாத்தின் முட்டைகளோடு சேர்த்தால் ஆயர் ஈத்தாமில் வாங்கிய மண் ஜாடி ஒன்று நிறையும். அன்றைக்கே உப்பில் போட்டுவிடுவது என்று முடிவானது. உப்புத் தண்ணீரைக் காய்ச்சி ஆறவைத்தாள். இனி கழுவ வேண்டும்.

பின்கட்டுக் குழாயில் வருவது பச்சைத் தண்ணீர். வெந்நீரைப் பாத்திரத்தில் வைத்து முக்கினால் அது ஓடுகிற தண்ணீர் இல்லை. எப்போதும் ஒரு கையால் சொம்பைச் சாய்த்து, மறுகையால் முட்டையைத் திருப்பி, பாதித் தண்ணீரைக் காலில் ஊற்றிக்கொண்டு இந்த வேலையைச் செய்கிறவள்தான் மஜீதா. அன்றும் சொம்பை எடுத்தாள். நைனா முகம்மது உள்ளே போனார். கடையிலிருந்து வரும்போது கையோடு கொண்டுவந்திருந்த, தேத்தண்ணீர் ஆற்றும் எவர்சில்வர் குவளையோடு திரும்பினார். வெந்நீரையும் பச்சைத் தண்ணீரையும் கலந்து, குவளையின் அடியில் உள்ளங்கையை வைத்துச் சூடு பார்த்தார்.

"நான் முட்டையத் தொடல. ஊத்த மட்டும் செய்றேன்."

மஜீதா முட்டையை நீட்டினாள். அவர் குவளையைத் தோளுக்கு மேலே தூக்கினார். நூல் பிடித்த மாதிரி தண்ணீர் இறங்கியது. தடிக்கவில்லை, மெலியவில்லை, ஒரு சொட்டு சிதறவில்லை. அவள் முட்டையை எந்தப் பக்கம் திருப்பினாளோ அந்தப் பக்கத்துக்குத் தண்ணீரும் திரும்பியது. ஓட்டில் இருந்த கறை தானாக வழிந்து போனது. மஜீதா இரண்டாவது முட்டையை நீட்டினாள், மூன்றாவதை நீட்டினாள். ஊர் முழுக்க நின்று வேடிக்கை பார்த்த கையை அவள் இவ்வளவு பக்கத்தில் பார்த்திருக்க மாட்டாள் என்று நினைக்கிறேன். அவர் கடையில் ஆற்றிய காலமெல்லாம் இவள் வீட்டில் பிள்ளைகளை வைத்துக்கொண்டு இருந்தவள்தானே.

பாதி ஜாடி நிறைந்தபோது மஜீதா கையை உதறிக்கொண்டாள்.

"கை மரத்துப் போச்சு. அதக் குடுங்க, இதப் புடிங்க."

குவளை அவள் கைக்குப் போனது. அவர் இரண்டு உள்ளங்கைகளையும் சேர்த்து ஏந்தினார். அவள் அதில் ஒரு முட்டையை வைத்தாள். பிறந்த குழந்தையை முதல் தடவை வாங்குகிற ஆம்பிளைகள் மூச்சு விட மறந்து நிற்பார்களே, அந்த மாதிரி நின்றார். மஜீதா தோளுக்கு மேலே குவளையைத் தூக்கி ஊற்றினாள். முட்டையைத் தவிர மற்ற எல்லாவற்றின் மேலும் தண்ணீர் விழுந்தது. கைலி நனைந்தது, மூக்குக்கண்ணாடி நனைந்தது. கடையில் அந்தப் பையனைப் பார்த்து அத்தனை பெருமூச்சு விட்ட மனிதர், இங்கே ஒரு சின்ன மூச்சுகூட விடவில்லை. கண்ணாடி வழியாக ஒன்றும் தெரியாமலே முட்டையை மெதுவாகத் திருப்பிக் கொடுத்துக்கொண்டிருந்தார்.

சொட்டைத்தலையைப் பிடித்துக் கொடுக்கிற பேச்சு அதோடு நின்றது. ஞாயிற்றுக்கிழமை வந்த சாஜித்திடம், அதற்குத் தனியாக ஒரு விரிப்பு வேண்டும், கடையிலிருந்து கொண்டுவா என்று மட்டும் சொன்னாளாம். முட்டை உப்பில் ஊறி மூன்று வாரம் கழித்து ஜொகூர் பாருவுக்குப் போனது. ருமானா ஒரு வேளைக்குக் கஞ்சி முழுவதையும் குடித்துவிட்டு, உம்மா, இது எப்பவும் உள்ள முட்டைதான் என்று போனில் சொன்னதாகக் கேள்வி. அந்த வீட்டில் அதைவிடப் பெரிய பாராட்டு கிடையாது. நைனா முகம்மது அதை என் வீட்டுக்காரரிடம் மூன்று தடவை சொல்லிவிட்டார்.

இப்போது வாரம் ஒரு தடவை இருவரும் பின்கட்டில் முக்காலி போட்டு உட்காருகிறார்கள். அவர் ஊற்றுவார், அவள் திருப்புவாள். பாதியில் கை மாறும். மஜீதா ஊற்றுவதில் இன்னும் தேறவில்லை. அதற்காகவே அவர் ஒரு பழைய கைலியைத் தனியாக எடுத்து வைத்திருக்கிறார். போன வாரம் நான் செம்பருத்திக்குத் தண்ணீர் ஊற்றி முடித்து, மறுபடியும் ஊற்றி, மூன்றாவது தடவையும் ஊற்றிக்கொண்டிருந்தபோது மஜீதா திரும்பிக்கூடப் பார்க்காமல் கூப்பிட்டாள்.

"ஏஞ்சலாக்கா, செடி அழுகிடும். இந்தப் பக்கம் வந்து உக்காந்தே பாருங்க. ஆனா முட்டையத் தொடாதீங்க. அது சாஜித் வாப்பா வேலை."